கடலுக்குப் போன மிளகாய்க் குழி

போன கிழமை கடலோரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சப்பாத்துக்குள் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஊன்றிய கை வழுக்கியது. குனிந்து பார்த்தால் கல்லில் ஒரு குழி. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் நிற்கிற தண்ணீர் அளவு. உள்ளே கொஞ்சம் கடல், நகத்தளவு ஒரு நண்டு. விளிம்பு மழமழவென்று ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. கடல் தேய்த்தால் எல்லாப் பக்கமும் தேய்க்கும், அதற்கு வலது இடது தெரியாது. இது வலக்கைக்காரிகள் தேய்த்த குழி.

விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பின்னே என்ன, பன்னிரண்டு வருஷம் கழித்தும் செத்தல் மிளகாய் எரிக்குமா? ஆனாலும் எனக்குத் தும்மல் வந்தது. உடம்புக்கு இப்படி ஒரு கெட்ட புத்தி. மறந்துவிடு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அதைக் கடலுக்கு அனுப்பியவனே நான்தான்.

ருவான்வெல்லைக் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறிப்போகிற ரப்பர் தோட்டங்களில் ஒன்று. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் யாராவது தேடிக்கொண்டு போவார்கள், போய்ப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. கடல் ஏறுகிறது, கரை கரைகிறது, மேற்குக் கரையில் ஒரு மீனவர் கிராமத்துக்கு முன்னால் கல்லணை போடவேண்டும் என்று அப்போது ஒரு திட்டம் வந்தது. மணற்கரையில் கல்லுக்கு எங்கே போவது? மலைக்குத்தான். பால் வற்றிய கிழட்டு ரப்பரைப் பிடுங்கிய சரிவு ஒன்றைக் கல் உடைக்கக் கொடுத்தார்கள். நான் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். தமிழும் சிங்களமும் எழுதுவேன், ஆபத்துக்கு இங்கிலீஷும் வரும். எனக்குக் கல் பரிசோதகன் வேலை. தலைக்குப் பெரிய மஞ்சள் தொப்பி, காலுக்குச் சின்ன பூட்ஸ். இரண்டுக்கும் நடுவில் நான் எப்படியோ தொங்கிக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான்: உடைத்துப் போட்ட ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கல் கிண்ணென்று பாடும். உள்ளே வெடிப்பு இருந்தால் டொக்கென்று சத்தம் செத்துப்போகும். கிண்ணுக்கு வெள்ளைப் பெயின்றில் ஒரு சரி, டொக்குக்கு ஒரு குறுக்கு. சரி போட்டது லொறியேறிக் கடலுக்குப் போகும். குறுக்குப் போட்டது மலையிலேயே கிடக்கும். பகல் முழுக்கக் காதைக் கல்லில் வைத்துக்கொண்டிருந்தவனை லயத்துச் சனம் சும்மா விடுமா?

“என்னங்க கல்லு டொக்டர், இதுக்குக் காய்ச்சலா, பேதியா?”

கேட்டது பார்வதியக்கா. ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். கல் உடைத்த சரிவுக்குக் கீழே இருந்த ஆறு காம்பரா லயத்தில் கடைசி வீடு அவருடையது. சீனி வியாதியில் ஒரு பாதத்தை எடுத்த அவர் புருஷன் முத்தையா, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களை வம்புக்கு இழுத்தே பொழுதைக் கழிப்பார்.

“டொக்டர், வந்த கையோட நம்ம வீட்டுக்காரி தலையையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. டொக்குனுதான் கேக்கும்.”

“ஒங்க தலைய தட்டுனா சத்தமே வராது. உள்ள வெறுங்காத்து.”

ஒட்டுப்பால் நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பரைச் சாக்கில் கட்டிவைத்தால் இரண்டே நாளில் செத்த எலியின் வாடை அடிக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது தாய்ப்பால் வாசம் மாதிரி, கொழும்பு பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எழுந்து போகும்வரை நம்மேல் அது இருப்பது நமக்கே தெரியாது. அந்த நாற்றத்தை வெட்டிக்கொண்டு பின்னேரங்களில் மிளகாய் நெடி வரும். லயத்துக்குப் பின்னால், சரிவு தொடங்குகிற இடத்தில், லொறி உயரத்துக்கு ஒரு பாறை. அதன் தாழ்ந்த தோளில்தான் அந்தக் குழி. பக்கத்தில் பைப். குழவிக்கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பெண்கள் அங்கேதான் மிளகாயும் மல்லியும் அரைப்பார்கள். யார் முதலில் அரைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆறு வீட்டுச் சண்டையும் அந்தக் குழியில்தான் தொடங்கும், அங்கேயே அரைபட்டு முடியும்.

ஒருமுறை லொறியோடு கடற்கரைக்கும் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தேன், வெட்கக்கேடு, முப்பது வயதில். ஒரு மீனவப் பெண்ணின் அடுப்படி பாதி கடலுக்குள் போயிருந்தது. மிச்சப் பாதியில் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். “கல்லு எப்ப வரும்?” என்றார். அந்தக் கேள்வியை நான் பத்திரமாய் மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிற்பாடு செய்ததற்கெல்லாம் அதைத்தான் அனுமதிச் சீட்டாய் எனக்கு நானே காட்டிக்கொண்டேன்.

மழைக்காலத்துக்கு முன்னே அணையை முடிக்க வேண்டும். அலையை நேரே வாங்குகிற பெரிய கல்லுக்குத் தட்டுப்பாடு. இஞ்ஜினியர் வந்தார், லயத்துக்குப் பின்னால் பார்த்தார், பாறையைத் தட்டச் சொன்னார். கிண்.

அன்று பின்னேரம் பைப்படியில் பார்வதியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இந்தக் கல்லுதான் மண்ண புடிச்சிக்கிட்டு நிக்குது. மேல மரமும் இல்ல, புடுங்கிட்டாங்க. மழ இப்ப முன்ன மாதிரி பேயுறதில்ல, கொட்டுது. ஒரு குறுக்கு போட்டுட்டுப் போங்க. டொக்குனு கேட்டுச்சுனு சொல்லுங்க, யாரு வந்து திரும்பத் தட்டப் போறா?”

“பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?” என்று சிரித்தேன். அப்போது நான் நேர்மையானவன் என்று எனக்கு ஓர் எண்ணம். இஞ்ஜினியர் வேறு காலையில்தான் என் தோளில் கைபோட்டு, “மல்லி,” சிங்களத்தில் தம்பி, “கடற்கரை ஒஃபீசுக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்” என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் பார்வதியக்கா இஞ்ஜினியரிடம் வெற்றிலைத் தட்டோடு வந்தார். முத்தையாவைக்கூட இரண்டு பேர் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய ஆட்களிடம் நேராகப் பேசமாட்டோம். நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் கங்காணி, பிறகு சங்கத் தலைவர், பிறகு படித்த பிள்ளை. நம் வாயால் கேட்டால் அது முறைப்பாடு, படித்தவன் வாயால் போனால் அது நியாயம் என்று ஒரு நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால் பார்வதியக்காவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும். சிங்களக் கிராமத்துப் பெண்களோடு சந்தையில் பேரம் பேசியே வளர்ந்தவர். ஆனாலும் தட்டை நீட்டிவிட்டு, தமிழில், என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“சொல்லுங்க தம்பி. கல்ல எடுத்தா மண்ணு எங்க மேல வரும். கல்லுதான் வேணும்னா எங்களுக்கு வேற எடத்துல வீடு கட்டிக் குடுத்துட்டு எடுக்கச் சொல்லுங்க. இவரால ஓட முடியாதுனு சொல்லுங்க.”

தமிழ் தெரியாத இஞ்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்: “இவர்கள் காலங்காலமாய் மிளகாய் அரைக்கிற கல்லாம். பிரிய மனவருத்தமாக இருக்கிறதாம். எடுப்பதற்கு முன் ஒரு சின்னப் பூசை செய்ய அனுமதி கேட்கிறார்கள்.”

நல்ல மனுஷர், முகம் இளகிவிட்டது. இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினார். தேங்காய் நானே வாங்கித் தருகிறேன் என்றார். அக்காவுக்கு அரைக்க ஒரு பிளெண்டரும் அனுப்புகிறேன் என்றார்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பார்வதியக்காவுக்கு விளங்கியது. எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு வாக்கியம், ஒரே ஒரு சிங்கள வாக்கியம் நேராகச் சொல்லியிருந்தால் போதும். நடுவில் வைத்த ஆளைத் தாண்டிப் பேசுவது அவர்களில் யாருக்கும் பழக்கமில்லை. வெற்றுத் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்:

“நல்லா பேசுறீங்க தம்பி, சிங்களம்.”

பூசை நடந்தது. தேங்காயைப் பார்வதியக்காவையே உடைக்கச் சொன்னார் இஞ்ஜினியர், உடைத்தார். பாறையில் துளை போட்டு, ஆப்பு அடித்து, நாலாகப் பிளந்தார்கள். குழி இருந்த துண்டு முழுசாய் வந்தது. தட்டினேன், கிண்ணென்றது, சரி போட்டேன். பிளெண்டரும் சொன்னபடி வந்தது. அதைப் போட்டால் லயம் முழுக்க மின்சாரம் போய்விடும் என்பதால் முத்தையா அதன் பெட்டிமேல் ரேடியோவை வைத்திருந்தார்.

மழை பகலில்தான் வந்தது. ஒரு மாதம் பெய்ய வேண்டியதை ஒரு காலைப்பொழுதில் கொட்டியது. எனக்கு அப்போது கடற்கரை ஒஃபீசில் மேசை, மின்விசிறி எல்லாம் கிடைத்துவிட்டது. அன்று பார்வதியக்கா நனைந்துகொண்டே தோட்டத்து ஒஃபீசுக்குப் போயிருக்கிறார், மழைத்தண்ணீர் இறங்காமல் பின்சரிவை மூட ஒரு தறப்பாள் கேட்டு. நடுவில் ஆள் வைக்காமல், துரையிடம் நேராக, நல்ல சிங்களத்தில் கேட்டாராம். பெரிய தறப்பாளா சின்னதா என்று துரை கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே சத்தம் கேட்டிருக்கிறது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர் ஒருவர்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் போனேன். பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளை ஒதுக்கிச் சனத்தைத் தங்கவைத்திருந்தார்கள். பார்வதியக்கா எழுந்திருக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“கல்லு அங்க நல்லா இருக்குங்களா தம்பி?”

“நல்லா இருக்குக்கா.”

உண்மை. அப்போது நல்லாத்தான் இருந்தது. தட்டிக் கேட்டு அனுப்பிய கல் அல்லவா, நான் கெட்ட கல்லை அனுப்புவேனா?

பிறகு நடந்ததை இஞ்ஜினியர்கள் படம் போட்டு விளக்குவார்கள். அணையில் மோதிய அலை திரும்பிப் போய்ச் சும்மா இருப்பதில்லை. அணை முடிகிற இடத்தில் போய்த் தின்னும். அணைக்கு நேர்ப்பின்னால் ஒரு ஹோட்டலின் புல்தரை பிழைத்தது. அணையின் முனைக்கு அப்பால் இருந்த அந்த மீனவப் பெண்ணின் வீடு, அடுப்படியின் மற்றப் பாதியோடு, இரண்டு மழைக்காலத்தில் போய்விட்டது. அணையின் முன்னிருந்த மணலும் போனது. கல் மெல்லமெல்லப் புதைகிறது.

போன மாதம் கூட்டம் வைத்தார்கள். அதே இஞ்ஜினியர், இப்போது தலை நரைத்து, கண்ணாடி போட்டு. “கல் போட்டது பிழை. மழையும் கடலும் மாறிவிட்டன, நாமும் மாற வேண்டும். கடலோடு சண்டை வேண்டாம், அதற்கு இடம் விடுவோம். கண்டல் மரம் நடுவோம், மணல் நிரப்புவோம், கரையோரத்துச் சனத்தைக் கேட்டுச் செய்வோம்” என்றார். சபையில் தமிழ் பேசுகிற மீனவர்களும் இருந்தார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

அதனால்தான் போன கிழமை அங்கே நின்றேன். அணையைப் பிரிக்கப் போகிறார்கள். எடுத்து வேறிடத்தில் பாவிக்கக்கூடிய கல்லுக்குச் சரி, மணலில் விட்டுவிடுகிற கல்லுக்குக் குறுக்கு. அதே சுத்தியல் வேலை, நாற்பது தாண்டிய பிறகு. லயம் நின்ற இடத்தில் மானாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது என்கிறார்கள். மற்ற ஐந்து வீட்டாரும் சிதறிப் போனார்கள். பார்வதியக்கா ஓப்பநாயக்கப் பக்கம் தங்கச்சி வீட்டில் என்று ஒருவர் சொன்னார், கொழும்பில் வீட்டு வேலை என்று இன்னொருவர். நான் தேடிப் போகவில்லை. அந்த லயத்தைக் காட்ட ஒரு புகைப்படம்கூட இல்லை. மிஞ்சியது உலகத்தில் இந்தக் குழி ஒன்றுதான்.

நண்டைத் தள்ளி விட்டுவிட்டு, எழுந்து, கல்லைத் தட்டினேன். கிண்ணென்றது. பன்னிரண்டு வருஷம் உப்பு தின்றும் குரல் மாறவில்லை. பெயின்றில் தூரிகையைத் தோய்த்து ஒரு குறுக்குப் போட்டேன். பெரிய குறுக்கு, குழியின் இரண்டு பக்கமும் தொடும்படி.

டேப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் சாரதி திரும்பிப் பார்த்தார். பல வருஷமாய் என்னோடு அலைகிறவர், அவருக்கும் சத்தம் பழகிவிட்டது.

“நல்ல கல்லுதானே மாத்தயா,” என்றார் சிங்களத்தில், “ஏன் குறுக்குப் போட்டீங்க?”

நான் நன்றாகத்தான் பேசுவேன், சிங்களம். அன்றைக்குச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லைத் தட்டப் போனேன்.