மூன்றாவது அத்தியாயத்துக்கான நன்றி

பினாங்கில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இவர் 'தெரிமா காசே' என்கிறார், அவர் 'சாமா சாமா' என்கிறார், அதன் பிறகே கதவு மூடுகிறது. சந்தையில் கீரைக்காரி எனக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்க்கிறாள். இருபது வருடத்தில் என் நாக்குப் பழகிவிட்டது. மனசுதான் இன்னும் பழகவில்லை. நாகர்கோவிலில் நடத்துநருக்கு நன்றி சொன்னால், மீதிச் சில்லறைக்கு அடிபோடுகிறாள் என்று நினைப்பார். வீட்டுக்குள்ளே கேட்கவே வேண்டாம். என் அப்பா ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தால், அம்மா பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். இப்படி வளர்ந்த நான், ஒரு நன்றிக்காக இந்த ஊரில் ஒரு காரியம் செய்தேன். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள், இங்கே என்னைப்போல் வந்து கிடப்பவர்கள் ஒருவேளை சிரிக்க மாட்டீர்கள்.

என் கணவர் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ரப்பர் பாலை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு அந்தத் துறையிலேயே ஆசிரியராக இருந்தவர். போன வருடம் காலமானார். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் காலையில் கூடி, இறந்துபோன ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் எல்லோருடைய பெயரையும் வாசிப்பார்கள். அந்த ஆண்டில் இறந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. புகழுரை கிடையாது. அவரவர் ஆய்வேட்டின் முதலில் இருக்கும் நன்றிப் பக்கத்தை ஒருவர் எழுந்து வாசிப்பார். அதில் பெயர் வருகிறவர்கள் அவையில் இருந்தால், பெயர் கேட்டதும் எழுந்து நிற்பார்கள். செத்தவரை நாம் புகழ்வதைவிட, அவர் யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருந்தார் என்பதை அவர் வார்த்தையிலேயே கேட்பது மேல் என்று எப்போதோ ஒரு துறைத்தலைவர் தொடங்கிவைத்தாராம். நல்ல வழக்கம்தான். நன்றிப் பக்கத்தில் பெயர் உள்ளவர்களுக்கு.

அலுவலகத்திலிருந்து ரொஹானா என்ற மலாய்ப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். என் கணவரை 'மெண்டியாங் டாக்டர்' என்றார். இங்கே இறந்தவர்களுக்கும் அடைமொழி உண்டு. முஸ்லிம்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இந்த மெண்டியாங். அவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். பக்கத்தை நீங்களே வாசிக்க முடியுமா, உங்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்குமே என்று ரொஹானா கேட்டார். தெரியாமலா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவர் ஆராய்ச்சி செய்த ஐந்து வருடமும் நான் நாகர்கோவிலில் மகளோடும் மாமியாரோடும் இருந்தேன். மகளின் மஞ்சள்காமாலை, மாமியாரின் இடுப்பு எலும்பு, ஒழுகின கூரை எல்லாம் என் தலையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் போன் செய்வார். சாப்பிட்டீங்களா என்பேன், ஆச்சு என்பார். அவருக்கு வேலை உறுதியாகி நானும் மகளும் இங்கே வந்த முதல் வாரம், கருநீல அட்டை போட்ட ஆய்வேட்டைக் கையில் கொடுத்தார். நான் நேராக நன்றிப் பக்கத்துக்குப் போனேன். வழிகாட்டிக்கு நன்றி, பல்கலைக்கழகத்துக்கு நன்றி. பிறகு ஒரு நீண்ட வாக்கியம். முகர்ந்து பார்த்தே பால் கெட்டுவிட்டதா என்று சொல்லத் தெரிந்த, என் அளவுகள் தவறியபோதெல்லாம் திருத்திய ஓர் ஆய்வக உதவியாளர் இருந்தார், மூன்றாவது அத்தியாயம் இருப்பதற்கு அவரே காரணம், அவர் பெயர் கமலா அனாக் பெரெம்புவான் முனியாண்டி. அதாவது முனியாண்டியின் மகள் கமலா. இந்த நாட்டு அடையாள அட்டையில் பெயர் அப்படித்தான் இருக்கும், இவர் அதை அப்படியே எழுதியிருந்தார். கடைசி வரியில், 'என் குடும்பத்தினருக்கும்.' அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தினரில் நானும் இருந்தேன், மாமியாரும் இருந்தார், இடுப்பு எலும்பும் இருந்தது.

கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

"ஒனக்கு எதுக்குட்டி நன்றி? நீ என்ன வேத்தாளா?"

என் அப்பா இருந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனாலும் வயிறு எரிந்தது. அந்தக் கமலா அதற்குள் வேலையை விட்டுவிட்டு, தீவிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள், அதனால் நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காதது இன்னும் வசதியாகப் போயிற்று. என் இஷ்டத்துக்கு அவளுக்கு ஒரு முகம் வைத்துக்கொண்டேன். அழகாகத்தான் வைத்தேன். தப்பாக எதுவும் சந்தேகப்பட்டேன் என்று நினைக்காதீர்கள், அவர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு புருஷன் தன் மனைவிக்குத் தர மறந்த ஒரு வாக்கியத்தை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டாள், அதுதான் என் வழக்கு.

வாசிக்கச் சம்மதித்த அன்றே நான் இரண்டு தாள் தயார் செய்தேன். ஒன்று உள்ளதை உள்ளபடி. இன்னொன்றில் கமலாவின் வாக்கியத்தைச் சுருக்கி, பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். மூன்றாவது அத்தியாயம் இருப்பதற்கு என் மனைவி பகவதியே காரணம். எதை வாசிப்பது என்று முடிவு செய்யாமலே இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். முடிவு செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரங்கில் நுழைந்ததுமே ரொஹானா என்னை முன்வரிசைக்கு அழைத்துப் போனார். அங்கே எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், பருமனானவர், மூட்டுக்குக் கைத்தடி, பட்டுப் புடவை. பக்கத்தில் அவருடைய மகள். இவர்தான் கமலா என்றார் ரொஹானா. நான் வைத்திருந்த முகம் ஒரு நொடியில் காணாமல் போயிற்று. கமலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் டாக்டரோட சம்சாரமா? பாக்கணும் பாக்கணும்னு இருந்தேம்மா. அஞ்சு வருசம் டாக்டருக்கு பசியாற நான்தான் கொண்டாந்து குடுப்பேன். இல்லாட்டி வெறும் வயித்துலயே வேல செய்வாரு லா."

பசியாறல் என்றால் இங்கே காலைச் சாப்பாடு, கடைசியில் ஒட்டும் 'லா' இங்கத்துப் பேச்சுப் பழக்கம். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நாகர்கோவிலில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நான் கேட்ட அத்தனை 'ஆச்சு'வும் இந்தக் கையால் ஆனதா என்று என் கையை விடுவித்துக்கொண்டேன். நான் கேட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கொடுத்தது இவர், மற்ற எல்லா நாளும். மேடைக்குக் கூப்பிட்டபோது பைக்குள் கைவிட்டேன். இரண்டாவது தாளைத்தான் எடுத்தேன், தெரிந்தேதான் எடுத்தேன்.

ஆங்கிலத்தில் வாசித்தேன். வழிகாட்டியின் பெயர் வந்ததும் ஒரு வயதான சீனப் பேராசிரியர் எழுந்து நின்றார், எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது அத்தியாயம் என்று தொடங்கினேன். ஆங்கிலத்தில் அத்தியாயம் முதலில் வரும், பெயர் கடைசியில் வரும். கமலாக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழத் தொடங்குவது தெரிந்தது. மகள் போனை உயர்த்திப் பிடித்தாள். அப்போதும் நிறுத்தியிருக்கலாம். 'என் மனைவி பகவதி' என்று வாசித்தேன். கைதட்டினார்கள். கமலாக்கா பாதி எழுந்த நிலையில் ஒரு கணம் நின்று, உட்கார்ந்தார். பிறகு அவரும் கைதட்டினார்.

இருபது வருடம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. தேநீர் மேசையில் பலர் வந்து கைகொடுத்தார்கள். அந்தச் சீனப் பேராசிரியர், நீங்களும் ஆய்வகத்தில் வேலை செய்தீர்களா, எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். மூன்றாவது அத்தியாயம் முழுக்கப் பாலை எப்படி அளந்தார்கள், எத்தனை சூட்டில் உலர்த்தினார்கள் என்பதுதானாம். நான் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. கொஞ்சம் செய்தேன் என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கமலாக்காவின் மகள் வந்தாள். பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அதிகாரி. குரலில் குற்றச்சாட்டே இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"ஆண்ட்டி, அந்தப் பக்கத்துல எங்கம்மா பேரும் தாத்தா பேரும் இருக்குன்னு சொன்னாங்க. ரெக்கார்ட் பண்ணலாம்னுதான் வந்தோம். அது வேற பக்கமா?"

கைத்தடியோடு பின்னாலேயே வந்த கமலாக்கா மகளை அடக்கினார். நேரம் பத்தாம விட்டிருப்பாங்க, நீ சும்மா இரு என்றார். வீட்டில் எனக்கு நானே சொல்லிப் பார்த்த சாக்கு அது. நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். இருவரும் விடைபெற்றுக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். நான் பலகாரத்தை விழுங்கிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்பது மிகையல்ல, ஐம்பத்தெட்டு வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, நேரம் பத்தாம இல்ல. ஒங்க பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டுட்டேன்."

"தெரியும்மா," என்றார் கமலாக்கா. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பக்கத்த டாக்டர் போட்டோஸ்டாட் எடுத்துக் குடுத்தாரு. எங்கப்பா பத்து காவான் எஸ்டேட்ல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவரு, படிக்கத் தெரியாது. எம்பேரு எங்க, உம்பேரு எங்கன்னு வெரல வச்சிக் கேப்பாரு. சாவுற வரைக்கும் பைக்குள்ளதான் வச்சிருந்தாரு. அவரோடயே வச்சி எரிச்சிட்டோம்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடுத்துச் சொன்னது இதுதான்: "நான் செத்தா இங்க வாசிக்க மாட்டாங்கம்மா. நான் வாத்தியாரும் இல்ல, படிச்சவளும் இல்ல. எனக்கு அந்த ஒரு எடந்தான்."

எனக்கும் அதே கதிதான் என்று அப்போதுதான் உறைத்தது. நானும் இந்தத் துறையில் வேலை பார்த்தவள் இல்லை, படித்தவளும் இல்லை. பெயர் வாசிக்கப்படாத இரண்டு பொம்பளைகள் ஒரு வாக்கியத்துக்காக நின்றுகொண்டிருந்தோம், அதிலும் ஒருத்தி மற்றவளுடையதைப் பறித்திருந்தாள். அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு அரங்குக்குத் திரும்பினேன். பையில் முதல் தாள் இருந்தது, ஆனால் நான் தயார் செய்ததை அவர்கள் இனி எதற்கு நம்ப வேண்டும்? ரொஹானாவின் மேசையில் ஆய்வேடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என் கணவருடையது ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். தனியாக உட்கார்ந்து அழப் போகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது, தோளைத் தட்டிக் கொடுத்தார். நானும் திருத்தவில்லை.

வெயிலில், காரின் பக்கத்தில், உள்ளதை உள்ளபடி வாசித்தேன். மகள் போனில் பதிவு செய்தாள். பெயர் வந்தபோது கமலாக்கா எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். பொறாமை அந்த நிமிடமே கரைந்துவிட்டது என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். கரையவில்லை. மூன்றாவது அத்தியாயம் என்று என் வாயால் சொல்லும்போது அதே இடத்தில் அதே மாதிரி எரிந்தது. எரிந்துகொண்டே வாசித்தேன்.

"இன்னொரு தடவ வாசிங்கம்மா," என்றார் கமலாக்கா. "அப்பா பேர மட்டும் கொஞ்சம் மெதுவா."

மெதுவாக வாசித்தேன்.

அன்றைய வாசிப்பைத் துறையும் பதிவு செய்து வைத்திருக்கிறது, அதில் நான் மூன்றாவது அத்தியாயத்துக்குக் காரணமானவளாக இருக்கிறேன். அதைத் திருத்தச் சொல்லி ரொஹானாவுக்கு எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை. ஊருக்குப் போனால் பினாங்குக்காரி, இங்கே டாக்டரின் சம்சாரம், அந்தப் பதிவில் மட்டும்தான் நான் பகவதி. அன்று கார் கிளம்பும்போது கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே பதிவைப் போட்டுக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். முனியாண்டி என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டு என் குரல் அவர்களோடு பாலம் தாண்டிப் பத்து காவானுக்குப் போயிற்று. நான் போகவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.