பர்மாவுக்கு ஜனநாயகம் வந்த வருஷம்

பர்மாவில் ராணுவ ஆட்சி முடிந்துவிட்டது என்று டிவி சொன்ன வருஷம், ரங்கத் என்ற தீவு ஊரில் எங்கள் வீட்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை. காரணம் என் மாமா. சின்ன வயதில் ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். அம்மா, குடும்பம் இந்தத் தீவுக்கு வந்தபிறகு பிறந்தவள். ரங்கூனில் தாத்தா வைத்திருந்த துணிக்கடையை ராணுவம் எடுத்துக்கொண்டது. இனி தேர்தல், பார்லிமெண்ட் எல்லாம் வந்துவிட்டதால் கடையையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

அதனால் பாக்குத் தோட்டத்துக்கு வேலி போட மறுத்தார். "போற இடத்துக்கு வேலியைத் தூக்கிட்டா போகப்போறோம்?" என்பார். காட்டிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வந்து, வைத்த கன்றுகளை வரிசையாக மேய்ந்துவிட்டுப் போயின. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "அங்க ஜனநாயகம் வர்றதுக்குள்ள இங்க மான் எல்லாத்தையும் தின்னு முடிச்சிரும்."

ஒரு நாள் மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. கடல் அட்டை திருட வந்த பர்மாக்காரர்களைப் படகோடு பிடித்திருந்தார்கள். அவர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். அம்மா என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டாள். "அரசியல் பேசாம, கேட்டதுக்குப் பதில் வாங்கிக் குடுத்துட்டு வரச் சொல்லுடி."

பத்து வயசுப் பெண் சொல்லி அவர் கேட்பாரா?

ஸ்டேஷன் வராந்தாவில் ஐந்து பேர் குந்தியிருந்தார்கள். உப்பு காய்ந்து தோலெல்லாம் வெளுத்திருந்தது. மூத்தவனிடம் பெயரைக் கேட்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மாமா பர்மிய மொழியில் வெகுநேரம் பேசினார். அவன் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். மாமா மறுபடி வெகுநேரம் பேசினார்.

"க்யா போலா?" என்று, அவன் என்ன சொன்னான் என இந்தியில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அபி நஹி போலா, சாப்." இன்னும் சொல்லவில்லையாம்.

"நாம் பூச்சோ, மாமாஜி! சிர்ஃப் நாம்!" பெயரை மட்டும் கேட்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

மாமா பெயரை எங்கே கேட்டார்? புது சர்க்கார் கடைகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டதா என்றல்லவா விசாரித்துக்கொண்டிருந்தார்! அவன் சொன்ன பதில் பிடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா பாப்பா, முன்னாடி ராணுவத் தொப்பி போட்டுட்டு வந்து மீனுல பங்கு வாங்குன அதே ஆபீசர், இப்ப லுங்கி கட்டிட்டு வந்து வாங்குறானாம். சீர்திருத்தம்னா ஒரே நாள்ல வந்துருமா? பேப்பர் படிக்காத பய."

அந்த ஊரைப் பார்த்து நாற்பது வருஷத்துக்கு மேலான மனிதர், அங்கிருந்து வந்தவனுக்கு அந்த ஊரைப் பற்றிப் பாடம் எடுத்தார். குரல் உயர்ந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் போட்டுவிட்டு டீ சொன்னார். எனக்கு அழுகையே வந்தது. "மாமா, பெயரைக் கேளுங்க மாமா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போது அந்த மூத்தவன் நிமிர்ந்து, மெதுவாக ஒன்று கேட்டான். மாமாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அப் க்யா போலா?" இப்போது என்ன சொன்னான் என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாப்பாடு எப்போன்னு கேட்கிறான்" என்று மாமா இந்தியில் சொன்னார்.

பிறகு ஐந்து பெயர்களையும் ஒழுங்காக வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஐந்து பேருக்குச் சோறு வேண்டும் என்றார். "திருட வந்தவனுக்கும் நான்தான் வடிச்சுக் கொட்டணுமா?" என்று கத்திக்கொண்டே அம்மா பெரிய பானையை ஏற்றினாள்.

பத்து வருஷம் கழித்து, அங்கே ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு, அன்று ஸ்டேஷனில் அந்த மூத்தவன் கேட்டதைச் சொன்னார்: "எங்க ஊரு நீங்க சொல்ற மாதிரி ஆயிடுச்சுன்னா, நான் எதுக்கு ஐயா உங்க கடலுக்குத் திருட வந்தேன்?"

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? மாமா ஒரு வழியாகச் சரியாக மொழிபெயர்த்துவிட்டார் என்றுதான் சந்தோஷப்பட்டேன். அவன் சோறு கேட்டான், சோறு போனது.