ஆயுத பூஜைக்கு ஓர் ஆயுதம்

என் கணவருக்குப் பிரிக்கத் தெரியும், பூட்டத் தெரியாது. இது நான் சொன்னதல்ல, என் அண்ணன் சொன்னது. ஆனால் எங்கள் திருவானைக்காவல் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த கூடையைப் பார்த்த யாரும் அதை மறுத்ததில்லை. ஒரு கடிகாரம், ஒரு மேசை விசிறி, பக்கத்து வீட்டுத் தையல் மிஷினில் பாதி என்று எல்லாம் பிரித்த நிலையில் அதற்குள் கிடந்தன.

ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே, "மாப்பிள்ளை, இப்ப எதைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?" என்பார். இவர் சிரித்து மழுப்புவார். அண்ணன் போனபின் கூடையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவைப்பார்.

கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலைக்காக மண்ணைச் சமன்செய்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து சாக்கில் சுற்றி ஏதோ கொண்டுவந்தார். பிரித்தால் துப்பாக்கி! பதறாதீர்கள், திருவிழாவில் பலூன் சுடுவார்களே, அந்த ஏர் கன். வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சாமான் என்றார். துரையோடு சேர்த்துப் புதைத்து, பிறகு தோண்டி எடுத்தார்கள் போலிருந்தது. கட்டையைக் கரையான் அரித்திருந்தது, குழாயெல்லாம் துரு.

"இது எதுக்குங்க நமக்கு?"

"இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நம்ம வீட்லயும் ஒரு ஆயுதம் இருக்கட்டும். மறுநாள் மச்சான் கண்ணு முன்னாலயே சுட்டுக் காட்டறேன்."

"அருவாமனை இருக்கே."

"அது உன் ஆயுதம்."

ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் துப்பாக்கிக்குப் போயின. என் இட்லிப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் குழாயை ஊறவைத்தார். உப்புத்தாளால் கட்டையைத் தேய்த்த தூள் ரசம்வரை வந்தது. உள்ளே காற்றை அமுக்கும் தோல் வாஷர் மக்கிப்போயிருந்ததால் என் செருப்பை அறுத்து ஒன்று செய்தார். "தேஞ்சதுதானே" என்று சமாதானம் வேறு. தேயாத இன்னொரு கால் செருப்பை நான் எந்தக் காலில் போடுவது?

வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். ஆனால் புரட்டாசி பிறந்தபோது கவனித்தேன்: தரையில் ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. எல்லாம் உள்ளே போயிருந்தன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு இது சுடாமல் போனால் இந்த மனுஷன் இனி எதையும் தொட மாட்டார்.

ஆயுத பூஜையன்று அவரே பொட்டு வைத்தார். அருவாமனை, அம்மிக்குழவி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. சுவரோரம் நிமிர்த்தி வைத்த துப்பாக்கிக்கு மட்டும் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று. பக்தி அதோடு அடங்கவில்லை. குழல் வாயிலும் தளரக் கரைத்த சந்தனத்தை அப்பி, ஒரு செவ்வந்தியைச் செருகினார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாதே, அதனால் அது அப்படியே நின்றது.

விஜயதசமி காலை மொட்டை மாடியில் அண்ணனும் அக்கம்பக்கத்தாரும் கூடினார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு கொட்டாங்கச்சி வைத்தோம். பூவை எடுத்துவிட்டு, ஈய ரவையைப் போட்டு, கண்ணை இடுக்கிக் குறிபார்த்தார்.

புஸ்ஸென்றது. கொட்டாங்கச்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

"பரவால்ல மாப்பிள்ளை, கூடையில எடமிருக்கில்ல?" என்றார் அண்ணன். மாடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கூடப்பிறந்தவர் என்றும் பாராமல் அண்ணன்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

இவர் கீழே இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த வெயிலில், அத்தனை பேர் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழலை மடக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு குடைக்கம்பி எடுத்துட்டு வாயேன்" என்றார் என்னிடம்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். வாய்ப்பக்கமாக விட்டுக் குத்தினார். பின்பக்கமாக ரவையும், அதைத் தொடர்ந்து காய்ந்த சந்தனக் கட்டியும் விழுந்தன. யாரோ "வாசனையா இருக்கே" என்றார். இவர் காதில் எதுவும் விழவில்லை. மறுபடி ரவையைப் போட்டு எழுந்து நின்றார்.

இந்தத் தடவை கொட்டாங்கச்சி இரண்டாகப் பிளந்து எங்கோ பறந்தது. அண்ணன் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. துண்டால் சுற்றிய ரேடியோவை மார்போடு அணைத்தபடி அண்ணன் இறங்கினார். அண்ணியைக்கூடத் தொடவிடாத ரேடியோ அது. என்னிடம் சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை. நேரே இவரிடம் போய், "கரகரங்குது. கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க மாப்பிள்ளை" என்றார்.