பக்கிளில் குறை இல்லை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரி வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது காரணமில்லை. பயம்தான். என்னைப் பற்றி ஊருக்குள் ஒரு நல்ல கதை நடமாடுகிறது. அது பொய் என்று நானேதான் சொல்லியாக வேண்டும்.

நான் தோலில் பர்ஸ், பெல்ட், பை தைப்பவன். அம்மாபேட்டையில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. போர்டு கிடையாது. அதற்கு முன்னால் விசைத்தறியில் வேலை பார்த்தேன். தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளுவது ஒரு தோல் வார். அத்தனை அடி வாங்கியும் அறாத அந்த வாரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தோல்மேல் பிரியம் வந்தது. மாட்டின் முதுகுப் பக்கத்தில் வெட்டிய வார் வருஷக்கணக்கில் நிற்கும். வயிற்றுப் பக்கத்தில் வெட்டியது இழுபட்டுத் தொங்கிப் பிய்ந்துவிடும். தொழிலில் எனக்கு முதலில் தெரிந்த விஷயமே இதுதான்.

மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து தென்னை ஏறுகிறவர் ஒருவர் வந்தார். அவருடைய மச்சான் லாரி ஓட்டுகிறவர்; அவர் இடுப்பில் நான் தைத்த பெல்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்திருந்தார். மரத்தையும் தன் இடுப்பையும் சேர்த்து வளைத்துப் போட ஒரு தோல் பட்டை வேண்டும் என்றார்.

"நைலான் கயிறு இடுப்பை அறுக்குதுங்க. மேல போயி ரெண்டு கையையும் உட்டுப்போட்டுச் சாஞ்சு நின்னு வெட்டோணும். தோலுன்னா மெத்துன்னு இருக்குமுங்களே?"

"ஆளைத் தாங்கற சாமான் நான் செஞ்சதில்லைங்க" என்றேன்.

"நானென்ன ஆனைங்களா? அம்பது கிலோ எலும்புங்க."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு வார்களுக்கு ஒன்றாகக் கருப்புச் சாயம் ஏற்றினேன். முதுகு வார் அவருக்கு. வயிற்று வார் ஒரு டீச்சரம்மாவின் கைப்பைக்கு. மெருகு போட்டபின் மேலே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வளைத்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எப்போதும் பார்ப்பேன். அன்று விளக்கு வைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் தோல் தொட்ட கையோடு சாமி அறைக்குள் போகக்கூடாது, குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த அவசரத்தில் கைக்கு வந்த வாரை எடுத்து, இடுப்பில் உறுத்தாமல் இருக்க உள்ளே மெத்தைத் துணியை ஒட்டிவிட்டேன். உள்பக்கம் மறைந்துபோயிற்று. மறுநாள் காலையில் தைத்து, பித்தளை பக்கிள் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை டீச்சரம்மாவின் பையைத் தைக்க உட்கார்ந்தேன். குத்தூசி இறங்கவில்லை. வார் விறைத்துக்கொண்டு நின்றது. வளைத்து உள்பக்கத்தைப் பார்த்தேன். முதுகு.

அப்படியென்றால் அந்த மனிதர் மூன்று நாளாக வயிற்றுத் தோலில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்.

நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தினேன். அவர் வீட்டுக்காரம்மா எடுத்தார்.

"போனை ஊட்டுலயே வெச்சுட்டுத்தானுங்க போவாரு. மேல நிக்கறப்ப அடிச்சா கை அதுக்குப் போயிருமாமுங்க" என்றார். எந்தத் தோப்பு என்று கேட்டு வழியும் தெரிந்துகொண்டேன். வைக்கப் போகும்போது அந்த அம்மா சொன்னார்: "உங்க பட்டையத்தானுங்க போட்டுட்டுப் போயிருக்காரு. இப்பத்தான் எனக்குப் பயமில்லாம சோறு எறங்குது."

போனை வைத்தேன். மொபெட்டை எடுத்தேன். என் மனைவி வாசலுக்கு ஓடிவந்து என்னவென்று கேட்டாள். வண்டியை மிதித்துக்கொண்டே சொன்னேன். விளக்கு வைக்கிற அவசரத்தில் நடந்துவிட்டது என்றும் சொன்னேன்.

"சாமி எங்க அவசரப்படுத்துச்சு? நீங்கதான் அவசரப்பட்டீங்க. போங்க சீக்கிரம்!" என்றாள்.

வழியெல்லாம் மாரியம்மனைக் கூப்பிட்டேன். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. "தாயே, கீழ எறக்கிவிடு, கீழ எறக்கிவிடு" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆட்டையாம்பட்டி தாண்டியதும் எதிரே ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு சேலத்தைப் பார்த்துப் பறந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். உள்ளே இருப்பது அவர்தான் என்றே மனசு சொல்லிற்று. மேலே போவதா, திரும்புவதா? ஓடிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகுதான் போனேன்.

தோப்புக்குள் நுழையும்போதே தேங்காய் விழும் சத்தம் கேட்டது. தொப், தொப் என்று அந்தச் சத்தம் கேட்கக் கேட்க உயிர் வந்தது. அண்ணாந்து பார்த்தேன். அறுபது அடி இருக்கும். உச்சியில், இரண்டு கையும் விட்டு, பட்டையில் முழுக்கச் சாய்ந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தார். வந்த உயிர் திரும்பப் போயிற்று.

காய் பொறுக்கிக்கொண்டிருந்த தோட்டத்துக்கார அம்மா என்னைப் பார்த்து, "ஆரைப் பாக்கோணுங்க? கூப்புடட்டுங்களா?" என்று வாயைத் திறந்தார்.

"வேண்டாந் தாயி! கூப்புடாதீங்க!" என்று கிசுகிசுத்தேன். கூப்பிட்டால் குனிந்து பார்ப்பார். திரும்பிக் குனிந்தால் பட்டை இன்னும் வெடுக்கென்று இழுபடும். ஒரு குலை முடிந்து அடுத்த குலைக்குச் சுற்றி வந்தார். நான் மூச்சுவிடப் பயந்து கைகூப்பிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஒருவழியாக இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் கீழே கிடந்த மட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அட, நீங்களா! ஏனுங்க இத்தாதூரம்? மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பக்கிள் சரியில்லைங்க. மாத்திக் குடுக்கணும்" என்று வந்தது.

அவர் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா! ஒரு பக்கிளுக்காக அம்மாபேட்டையில இருந்து ஓடியாந்திருக்காரு. மனுசன்னா இப்புடி இருக்கோணும்!" பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய நைலான் கயிற்றோடு அடுத்த மரத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து கொட்டகை விட்டத்தில் அந்தப் பட்டையை மாட்டி, இரண்டு அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் மூட்டைகள் தரையில் கிடந்தன. பக்கிள் முள் நுழையும் ஓட்டையிலிருந்து நுனிவரை தோல் பிய்ந்திருந்தது. பக்கிள் மட்டும் பளபளவென்று அப்படியே இருந்தது.

என் மனைவி பார்த்தாள். போய்க் கற்பூரம் ஏற்றினாள்.

புதுப்பட்டையை முதுகுத் தோலில் செய்தேன். வீட்டெதிரே இருக்கும் வேப்பமரத்தில் போட்டு, நானே சாய்ந்து பார்த்த பிறகுதான் கொடுத்தேன். இன்றுவரை ஆளைத் தாங்கும் எதையும் அப்படிச் சாய்ந்து பார்க்காமல் கொடுப்பதில்லை. ஆனால் அதற்குள் அவர் கதையைப் பரப்பிவிட்டார். பரமத்தியிலிருந்தும் புதுச்சத்திரத்திலிருந்தும் மரம் ஏறுகிறவர்கள் தேடி வந்தார்கள். "பக்கிளுக்காக ஓடியாந்தவரு நீங்கதானுங்களே?" என்பார்கள். தலையை ஆட்டுவேன். ஒரு கோயில் விருந்தில் அவர் என்னைக் காட்டி அதே கதையைச் சொன்னார். இலையில் இருந்த சோறு எனக்கு இறங்கவில்லை. அவருடைய வீட்டுக்காரம்மா போனில் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் ஆணியில் மாட்டியிருந்த பட்டையை எடுத்து, இரண்டு கையாலும் வளைத்து வளைத்துப் பார்த்தார். ஆறு வருஷமாக அப்படிப் பார்த்திருக்கவே மாட்டார்.

"இது எந்தப் பக்கமுங்க?"

"முதுகுங்க."

"செரி." திரும்ப ஆணியில் மாட்டினார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஊரெல்லாம் உங்களைப் பத்திச் சொல்லிவெச்சது நானு. இப்ப நானே மாத்திச் சொன்னா என்னைப் பொய்யன்னுவாங்க. நீங்களே எல்லாருத்துக்கும் சொல்லிப்போடுங்க."

அதனால்தான் எழுதினேன். படிக்கிறவர்கள் அடுத்தவரிடம் சொல்லும்போது தயவுசெய்து என்னை நல்லவனாக்கிவிடாதீர்கள். புளியமரத்தடியில் நின்றதையும் விட்டுவிடாதீர்கள். முதலில் பரவிய கதையில் எல்லாரும் பக்கிளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பக்கிளில் ஒரு குறையும் இல்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.