விரதத்தில் விட்ட மருந்து

எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாற்பது வயது ஆவதற்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டன. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குப் பிறகுதான் கால் அவர் பேச்சைக் கேட்கும். அந்தச் சமயத்தில் ராத்திரியில் கூடுகிற பாசார் மாலாம் சந்தையில் மைக் வைத்து மருந்து விற்ற ஒருவனிடம் கறுப்பு உருண்டை வாங்கி வந்தார். வேரும் பட்டையும் இடித்துச் செய்தது, வேறொன்றும் கலக்கவில்லை என்று அவன் சத்தியம் பண்ணினானாம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

அதைச் சாப்பிட்ட சில நாளிலேயே குவார்ட்டர்ஸ் மாடிப்படியைப் பிள்ளைகள் மாதிரி ஏறி வந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதிலிருந்து உருண்டை இல்லாத நாள் கிடையாது. முகம் ஆப்பம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. கூட வேலை செய்தவர்கள், "என்னா தவுக்கே, மூட்டைய நாங்க தூக்குறோம், சதை ஒங்களுக்குப் போடுது" என்று முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரிக் கிண்டல் செய்வார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கால் வலி போனதற்காகத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். தைப்பூசம் நெருங்கியதும் விரதம் ஆரம்பித்தார். ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, தரையில் பாய். சிகரெட்டை விட்டார். தண்ணி அடிப்பதை விட்டார். அதோடு சேர்த்து உருண்டையையும் விட்டார். "காலக் குடுத்தது முருகன். இனிமே இது எதுக்கு?" என்று பொட்டலத்தை அலமாரி மேலே தூக்கிப் போட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விரதம் என்றால் உடம்பும் சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா?

கொஞ்ச நாளில் ஆள் தளர ஆரம்பித்தார். எழுந்து நின்றால் தலை சுற்றியது. குடித்த பால் திரும்ப வந்தது. அவருடைய அண்ணன் பல வருஷம் காவடி எடுத்தவர். விரதம் உடம்பிலிருக்கிற அழுக்கையெல்லாம் வெளியே தள்ளுகிறது, பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, முகத்தில் முருகன் களை தெரிகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் காலையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன், அவரால் பிடிக்க முடியவில்லை. கை ஜில்லென்று இருந்தது. கூப்பிட்டால் எங்கேயோ தூரத்திலிருந்து பதில் வந்தது. அண்ணன் ஓடிப்போய் ஒரு கெரேத்தா பிடித்து வந்தார், அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

பக்கத்திலிருந்த கிளினிக்கில் டாக்டர் தினமும் வரமாட்டார். அன்றைக்கு நர்ஸ் மிஸ்ஸிதான் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு பேசுகிறவர். அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்று சொல்வார்கள். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். தாங்கி உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்காரர் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் அவ்வளவு பெரிது, கை மெலிந்து கிடந்தது. தோலில் அங்கங்கே நீலம் கட்டியிருந்தது. நான் தினமும் பார்த்த கைதான். அந்த நீலம் மூட்டை பட்டதால் என்றே நினைத்திருந்தேன்.

அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "பட்டினிதான் மிஸ்ஸி. ஒரு டிரிப் போட்டா எந்திரிச்சிருவான்லா." என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு, மருந்தே கிடையாது, விரதத்தில் அவ்வளவு சுத்தமாக இருக்கிறான் என்றார். பொய் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான் கதவோரமாக நின்றேன். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிலும் மூத்தார் நிற்கிற இடத்தில் வாயைத் திறந்ததே இல்லை.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இப்ப என்ன சாப்பிடுறார் எண்டு நான் கேக்கேல்லை. முந்திச் சாப்பிட்டு, விரதத்துக்கெண்டு விட்டது என்ன?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்பார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உருண்டை. கறுப்பு உருண்டை. கால் வலிக்கு."

"கனகாலமோ?"

"போன தைப்பூசத்துக்கு முன்னாடியிலேருந்து."

"ஒரேயடியா விட்டவரோ?"

தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. நேராகப் போய் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டு இவர் நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொன்னார், அதற்குப் பதில் வந்த பிறகுதான் எழுதினார். ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த ஒரு மருந்தை அலமாரியிலிருந்து எடுத்தார். இன்னொரு மிஸ்ஸியைக் கூப்பிட்டு அதன் மேலிருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னார், தானும் வாசித்தார். அத்தனை அவசரத்திலும் அந்தக் கை அவசரப்படவில்லை. கடைசியில் என்னிடம் எங்கள் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அண்ணன் ஆம்புலன்ஸ் பார்க்க வெளியே போயிருந்தார். கல்யாணமாகி அதுவரை என் வாயால் சொல்லாத பெயரை அங்கே சொன்னேன். அப்புறம்தான் ஊசி போட்டார், டிரிப்பும் ஏற்றினார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கோப்பி கேட்டார் எங்கள் வீட்டுக்காரர். காலையில் டம்ளர் பிடிக்க முடியாத அதே கை. கடவுளைக் கும்பிடுவதா, அந்த ஊசியைக் கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு கிளினிக் மிஸ்ஸிதான் எனக்கு விளங்க வைத்தார். அந்த உருண்டைக்குள் பலத்த மருந்து ஒன்றை ஒளித்து வைத்திருக்கலாம் என்று பெரிய டாக்டர் நினைக்கிறாராம். அதே மருந்தை நம்முடைய உடம்பும் தானாகச் செய்யுமாம். சிறுநீரகத்து மேலே தொப்பி போட்ட மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம், அதுதான் செய்யுமாம்.

"தினமும் கடைச் சாப்பாடு வந்துகொண்டிருந்தா வீட்டில ஆர் அடுப்பு மூட்டுவினம்? அடுப்பு அணைஞ்சு போகும். பிறகு கடையைத் திடீரெண்டு சாத்தினா?"

"பட்டினி" என்றேன்.

"அதுதான். இந்த மாத்திரையும் அந்த மாதிரி மருந்துதான், மெல்ல மெல்லக் குறைச்சாத்தான் அந்த அடுப்பு திரும்பப் பத்தும். நீங்களா நிப்பாட்டக் கூடாது. கூட்டவும் கூடாது."

நான் அடுப்போடு வாழ்ந்தவள். ஆனாலும் ஒரு மனுஷன் முதுகுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், பிறந்த நாளிலிருந்து ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிளகளவு உருண்டை அதை அணைத்துவிட்டதே. அவர் தூங்கும்போது முதுகில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருக்கும். அது எல்லார் உடம்பிலும் இருக்கிற சூடுதான், ஆனாலும் வைத்துப் பார்ப்பேன்.

மிஸ்ஸி சொன்னபடி குறைத்துக்கொண்டு வந்தோம். முகம் பழைய முகமானது. முழங்கால் வலியும் திரும்ப வந்தது. மூட்டை தூக்குவதை விட்டு ஒரு கிடங்கில் காவல் காக்கிற ஜாகா வேலைக்குப் போனார். அதையெல்லாம் அவர் பெரிதாக நினைக்கவில்லை. எடுக்காமல் போன காவடிதான் அவரை அரித்தது. அடுத்த தைப்பூசம் வந்தபோதும் மாத்திரை முழுதாக நிற்கவில்லை. வேண்டுதலை என்ன செய்வது என்று மிஸ்ஸியிடமே போய்க் கேட்டார். டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

"காவடி வேண்டாம், பால்குடம் எடுங்கோ. பட்டினி கிடக்கக் கூடாது. மாத்திரைக்கு விரதம் இல்லை."

அண்ணன் கேட்டுக்கொண்டு நின்றார்.

பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் நின்றோம். அண்ணன் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, தம்பி வாயருகே நீட்டினார். "மொதல்ல இதப் போடு. அப்பறம் அரோகரா சொல்லு." அவர் குடத்தைத் தலையில் பிடித்தபடியே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பிறகு படி ஏறினோம். வலிக்கிற காலோடு அவர் நின்று நின்று ஏறினார். எல்லாரும் பால்குடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பின்னாலேயே போனேன். மஞ்சள் வேட்டி கட்டிய இடுப்புக்குச் சற்று மேலே, அந்த அடுப்பு இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.