ஒரு கட்டை கீழே

சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் என் குரல் உடைந்தது. மறுபடி பாடினேன், மறுபடியும் உடைந்தது. ஈப்போவில் அந்தக் கல்யாண மண்டபத்தில் மேசைத் துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை பாடப் பயமாக இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் விருந்து தொடங்கிவிடும்.

மணப்பெண் எங்கள் பாட்டுக் கோஷ்டியின் கீபோர்டுக்காரனுடைய மகள். அவன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அப்பா வாசிக்க நீங்க பாடுவீங்களே அங்கள், அந்த முருகன் பாட்டு. அது மட்டும் போதும்" என்று வீடு தேடி வந்து கேட்டிருந்தாள். எத்தனையோ மேடையில் பாடிய பாட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன்.

புதிதாக வந்த கீபோர்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தேன்.

"சுருதி சரியா வச்சிருக்கீங்களா?"

"ஒரிஜினல் சுருதிதான் அண்ணே."

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நானும் இறந்துபோன கீபோர்டுக்காரனும் தபலாக்காரனும் கித்தார்க்காரனும் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். தோட்டக் கோயில் திருவிழாவில் ஆரம்பித்த கோஷ்டி. கீபோர்டுக்காரன் தஞ்சோங் மாலிமுக்கு லோரி ஓட்டினான். பாதி நாள் லோரியிலேயே மேடைக்கு வந்து இறங்குவான். தபலாக்காரனை இனிப்புநீர் வியாதி முதலில் கொண்டுபோனது. சொந்த அண்ணன் தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னாலும் புரியாதது, மேடையில் இவர்களுக்கு நான் மூச்சு இழுப்பதிலேயே புரிந்துவிடும்.

வயதானால் மற்றவர்கள் சுருதியை இறக்கிப் பாடுவார்கள், நான் அந்த ரகம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். உச்சத்தைப் பிடித்ததும் 'எப்படி?' என்று திரும்பிப் பார்ப்பேன். கீபோர்டுக்காரனும் தபலாக்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

கித்தார்க்காரன் என்னை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நீ ஒரிஜினல் சுருதியில பாடி ரொம்ப வருசம் ஆச்சு லா."

"என்ன உளர்ற?"

"ஒரு தீபாவளி ஷோவுல நீ திணறுன. அடுத்த ஷோவுல அவன் கீபோர்டுல பட்டனத் தட்டி அரைக் கட்டை இறக்கிட்டான். கொஞ்ச வருசம் கழிச்சு இன்னொரு அரை. நானும் மாத்தி வாசிச்சேன்."

"தபலா?" என்றேன். கீபோர்டில் பட்டனைத் தட்டினால் போதும். தபலாவை அவ்வளவு தூரம் இறக்கினால் சத்தம் செத்துவிடும்.

"அதுக்குத்தான அவன் பெரிய வாய் தபலா வாங்குனான்."

சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று என்னிடம் சொல்லியிருந்தான். கால் புண்ணோடு ஹுத்தான் மெலிந்தாங் கோயில்வரை அதைத் தூக்கிவந்தான். தபலாவா தண்ணிக்குடமா என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன்.

"ஏன்டா யாரும் சொல்லல?"

"சொன்னா நீ பாடறதயே விட்ருவன்னு ரெண்டு பேருக்கும் பயம்."

எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. வெளியே மேளம் கேட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள்.

மேடைக்குப் போய், "ஒரு கட்டை இறக்குங்க" என்றேன். மைக் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாடினேன். மேலே ஏறும் இடத்தில் குரல் சுலபமாகப் போய் நின்றது. முன்வரிசையில் மணப்பெண் கண்ணை மூடியிருந்தாள். பழக்கதோஷத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். புதியவர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். தபலா இருக்கும் இடத்தில் ஒரு ரிதம் பேட் இருந்தது.

அடுத்த வரி தொண்டையை விட்டு வரவில்லை. இந்த முறை சுருதி காரணமில்லை.