மேடை கோணல்தான்

“...அதோட, வந்த இடத்தில வாயைக் குறையும். கார் நல்லாத்தான் இருக்கு. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்!”

என் மனுசன் காலைத் தேத்தண்ணீரை உறிஞ்சியபடி இப்படிச் சொல்லி முடித்தபோது, கார்ச் சாவி எங்கள் இருவருக்கும் நடுவே மேசையில் கிடந்தது. வழக்கே அந்தச் சாவி பற்றித்தான். கொஞ்ச நாளைக்கு நான் கார் ஓடக்கூடாதாம். பஸ்ஸில் போய்வர வேண்டுமாம்.

எண்பதுகளின் கடைசி அது. ஆக்லாந்தின் மேற்கே கிளென் ஈடனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மனுசன் ரயிலில் டவுனுக்கு வேலைக்குப் போவார். எனக்கு வேலை எல்லர்ஸ்லியில், ஒரு கந்தோரில். பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் காலைத் தேத்தண்ணீரே குடித்து முடித்துவிடுவார்கள். சாவியை விட்டால் வேலையை விட்ட மாதிரித்தான். ஊரில் சைக்கிள்கூட ஓடாத நான், இங்கே வந்து, பரீட்சையில் தவறி, மறுபடியும் தவறி, பிறகு லைசென்ஸ் எடுத்தவள். அதை ஒரு பழமொழிக்காக விட்டுக்கொடுக்க மனம் வருமா?

நடந்தது இவ்வளவுதான். சிக்னலில் நின்ற எங்கள் காரின் பின் மூலையில் ஒரு பேக்கரியின் பாண் வான் வந்து இடித்தது. பிழை தன்னுடையது என்று அந்தச் சாரதியே ஒப்புக்கொண்டான். கார் கராஜுக்குப் போய், நெளிவெடுத்து, பெயின்ட் அடித்து, கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி மினுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. கைக்குத்தான் தெரிந்தது. நேர் ரோட்டில் நேராகப் போவதற்கு ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையைத் தளர்த்தினால் கார் இடப்பக்கத்து வேலியை நலம் விசாரிக்கப் போய்விடும்.

கராஜ்காரர் குளிர்காலத்திலும் அரைக் காற்சட்டை போடுகிற மனிதர். நான் முறையிட்டதும் காரை ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, “ஷீ வில் பி ரைட், மை டியர்” என்றார். இந்த நாட்டுச் சனத்துக்கு அது வேதவாக்கு. கூரை ஒழுகினாலும் அதுதான், படகு ஓட்டையானாலும் அதுதான். எல்லாம் தானாகச் சரிவந்துவிடுமாம். எனக்குப் பழமொழி என்றால் பைத்தியம். யார் வாயிலிருந்து விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். இதை மட்டும் அன்றைக்குப் பொறுக்க மனமில்லை.

“எப்போது சரிவரும்?” என்று கேட்டேன்.

அவர் என்னை விட்டு, கூட வந்திருந்த மனுசனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “காப்புப் போட்ட கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது, அதுதான்” என்றார். மனுசனும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். கராஜ்காரர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

அந்தச் சூட்டோடுதான் மேசையில் நான் திருப்பிக் கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, எனக்கு ஆடத் தெரியாது, சரி. உங்களுக்குக் கார் ஸ்டார்ட் பண்ணவே தெரியாது. மேடை நேர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

அவர் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். “அடிபட்டு வந்த காருக்கு ஆலாத்தி எடுத்தனீரே?”

“இல்லை.”

“அப்ப கண்ணூறுதான். ஆலாத்தி எடும். அதுக்குப் பிறகும் இழுத்தால் உம்மட கைதான்.”

“எடுக்கிறன். பிறகு கதை மாறக்கூடாது.”

அன்று சனிக்கிழமை. ஆலாத்தித் தட்டு சிறிது, கார் பெரிது என்று, ஒரு ஐஸ்கிறீம் டப்பா நிறைய மஞ்சளும் குங்குமமும் கரைத்தேன். காரைச் சுற்றி வந்து, அதன் முன்னால் வீட்டுப் பாதையின் கொங்கிறீட்டில் குறுக்காக ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். “நேரா விடும், நேரா!” என்று மனுசன் கப்பல் விடுகிற மாதிரிக் கைகாட்டினார். நேராகத்தான் விட்டேன்.

இறங்கி வந்து பார்த்தால் அவர் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரங்கள் சிவப்பாக இரண்டு கோடு போட்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கத்தில் சேலைக்கு ஓடுகிற மாதிரி ஒரு கரை ஓடியது. முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகவில்லை. நான்கு விரல் தள்ளித் தன்பாட்டில் போயிருந்தது.

“நண்டு மாதிரியல்லோ போகுது” என்றார் மெதுவாக.

“என்ர கையோ, காரோ?”

நான் உள்ளே போய் டப்பாவை மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

“இதேன்?”

“கராஜுக்கு. பூட்ட முதல் போவம். அந்தாளுக்கு வாயால சொன்னாக் காணாது.”

“மரியாதையாக் கதையும்” என்றார். ஆனாலும் வந்தார். வழி முழுக்க டப்பாவை மடியில் வைத்து, மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கராஜ்காரர் டப்பாவைத் திறந்து பார்த்து, “என்ன இது, கறியா?” என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள்.

“கறிதான். உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவருடைய முற்றத்தில் பாதியை ஊற்றினேன். மிச்சத்தை மனுசனின் கையில் கொடுத்துவிட்டுக் காரை அதன் மேலால் நேராக ஓட்டினேன். நான் இறங்கும்போது, சிரித்தவர்கள் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். சிவப்புக் கோடும் அதன் கரையும் எல்லாருக்கும் தெரியக் கிடந்தன. அதிகம் பேசாத ஒரு வேலையாள் குந்தியிருந்து விரலால் அளந்து பார்த்தார்.

கராஜ்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: “இந்த முற்றம் சரிவு, மை டியர். தரைதான் கோணல்.”

மேடை கோணல் என்பதை ஒரு ஆண்பிள்ளை வாயால் கேட்க வேண்டுமென்றுதான் நான் ஆக்லாந்துக்கு வந்தேனோ என்று தோன்றியது. மனுசனைத் திரும்பிப் பார்த்தேன். வந்த இடத்தில் வாயைக் குறை என்பவர், இப்போது “சரி, வாரும் போவம்” என்பார் என்றுதான் நினைத்தேன்.

அவரோ டப்பாவோடு நடந்து, அதே முற்றத்தில் நின்ற கராஜ்காரரின் சொந்த பிக்கப்புக்கு முன்னால் போனார். மிச்ச ஆலாத்தியை அதன் சக்கரங்களுக்கு முன்னே, கத்தரிக்கு நீர் விடுகிற நிதானத்தோடு, ஒரு சொட்டு விடாமல் ஊற்றினார். பிறகு வெறும் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கராஜ்காரரைப் பார்த்து ஏறி ஓடும்படி கையைக் காட்டிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.